தோற்றவருக்கு 30,000 டொலர், வென்றவருக்குப் பதக்கம்

கண்டக்குழிக்காரருக்குக் கற்பிட்டிக் கோட்டையைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய ஒல்லாந்தர் போய்விட்டார்கள்; அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் தீவிலேயே தங்கிவிட்டன. ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்த அந்தச் சமூகம், விளையாட்டிலும் முன்வரிசையில் நின்றது. இந்த வாரக் கதாநாயகன், குத்துச்சண்டை வீரர் பார்னி ஹென்றிக்கஸ் அந்தச் சமூகத்துப் பிள்ளை.

1938 பெப்ரவரியில் சிட்னியில் பேரரசு விளையாட்டுப் போட்டி நடந்தது. இன்றைய பொதுநலவாயப் போட்டியின் முன்னோடி அது. இலங்கை அதற்கு அணி அனுப்பியது அதுவே முதல் தடவை. 9 ஸ்டோன், அதாவது 57 கிலோவுக்குட்பட்ட ஃபெதர்வெயிட் பிரிவில் பார்னி தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம்!

அமெச்சூர் சண்டை மூன்றே சுற்று. தொழில்முறைப் பட்டத்துக்கு அன்று 15 சுற்று வரை அடித்துக்கொள்வார்கள். முதல் இரண்டு சுற்றில் எதிராளியை நோட்டம் விட்டால் போதும். அமெச்சூரில் மணி அடித்ததுமே குத்து விழ வேண்டும். அதுவும் கையுறையின் முட்டிப்பக்கம் சுத்தமாகப் பட்டால்தான் கணக்கு. தட்டுவதும் தடவுவதும் செல்லாது.

பணக் கதை வேறு. அதே சிட்னியில் 1908இல் தொழில்முறைச் சண்டை ஒன்றில் ஜாக் ஜோன்சனிடம் டொமி பேர்ன்ஸ் உலகப் பட்டத்தை இழந்தார். 14ஆவது சுற்றில் பொலிஸ் புகுந்து நிறுத்தவேண்டிய அளவுக்கு அடி. ஆனாலும் பேர்ன்ஸ் வாங்கிய தொகை 30,000 டொலர். பார்னியோ காசு வாங்கியிருந்தால் அமெச்சூர் தகுதியே போயிருக்கும். எனக்கென்னவோ, அந்த விதி வசதியுள்ளவர்கள் தங்களுக்குத் தோதாக எழுதிவைத்த விதியாகத்தான் படுகிறது.

பார்னியின் வெற்றிக்குப் பின் இலங்கையில் குத்துச்சண்டைக்குத் தனி மவுசு. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன ஏழு பேரில் நால்வர் குத்துச்சண்டை வீரர்கள்.

குத்துச்சண்டையில் அடுத்த தங்கத்துக்கு 2010 டில்லிப் பொதுநலவாயப் போட்டி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 56 கிலோ பிரிவில் மஞ்சு வன்னியாரச்சி வென்றார். 72 ஆண்டுக் குறை தீர்ந்தது என்று நாடே கொண்டாடியது. பரிசோதனையில் நன்ட்ரோலோன் ஊக்கமருந்து தெரியவர, பதக்கம் வேல்ஸ் வீரர் ஷோன் மெக்கோல்ட்ரிக்கிடம் போனது. பொதுநலவாயப் போட்டிக் குத்துச்சண்டையில் இலங்கையின் கணக்கில் இன்றும் நிற்கும் தங்கம் பார்னியுடையது மட்டும்தான்.