கிளட்சு மிதி கற்பித்த பாடம்

அரசர்தம் போர்கள் மட்டுமே வரலாறு அல்ல. பட்டறையில் நிகழ்வதும் வரலாறே.

1925-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம், தன் தொழிற்சாலையிலேயே அமைத்த பிக்கப் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. காலப்போக்கில் அமெரிக்க வண்டிகள் பல கியூபாத் தீவை அடைந்தன. 1960 அக்டோபரில் அமெரிக்க அரசு அத்தீவுக்கான ஏற்றுமதியைப் பெரும்பாலும் தடுத்தது; 1962 பிப்ரவரியில் வாணிகத் தடை முழுமையாயிற்று. உதிரி உறுப்புகள் வருவது நின்றது. வண்டிகளோ ஓடியாக வேண்டும்!

எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பிரித்துச் சேர்ப்பது கிளட்சு. அதனை இயக்கும் மிதியின் தண்டு, புஷ், இணைப்பு முளையாணி ஆகியவை நாள்தோறும் உராய்கின்றன. ஒவ்வொன்றின் தேய்வும் சிறிதே. எனினும் அவை ஒன்று சேர்ந்தால், முழுவதும் மிதித்தாலும் கிளட்சு முற்றும் விலகாது. கியரை மாற்றும்போது பற்சக்கரங்கள் உரசிக் கரகரக்கும். அறியாதவர் கிளட்சுத் தட்டைப் பழிப்பர். கைதேர்ந்த தொழிலாளியோ முதலில் மிதியை அசைத்துப் பார்ப்பார். நீண்டுவிட்ட துளையைப் பற்றவைத்து நிரப்பி, மீண்டும் துளையிடுவார். வெண்கலத்தில் புதிய புஷ் கடைந்து பொருத்துவார். இறுதியாக மிதியின் வெற்றசைவைச் சீராக்குவார்.

பற்றாக்குறை எவரும் விரும்பத்தக்கதன்று. எனினும், வாங்க இயலாதபோது பழுதின் காரணத்தை ஆராய்ந்தறியும் கட்டாயம் பிறந்தது. இரும்பு தேய்வது இயல்பு. அதைச் செப்பனிடும் அறிவு தேயாமற் காப்பது நம் கடமை.