சோடா மூடிக்குள் மாட்டிய காற்று

பாட்டில் பீரைக் கெடுப்பது எது என்று கேட்டால் பலரும் கிருமி என்பார்கள். பாதிதான் சரி. மீதிப் பாதி, மூடும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும் காற்று. முதல் எதிரியை விரட்டப் போய்த்தான் இரண்டாவது எதிரிக்குப் பலம் கூடியது என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை.

19ம் நூற்றாண்டில் பெரிய தலைவலி, உள்ளே இருக்கும் வாயு வெளியே ஓடிவிடுவது. நம்ம ஊர் கோலி சோடா அதற்கு வந்த ஒரு விடை. இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் 1872ல் காப்புரிமை வாங்கினார். உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துவிடும். 1892ல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் சோடா மூடிக்குக் காப்புரிமை பெற்றார். தகர மூடி, அடியில் மெல்லிய தக்கை. தக்கைக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக். கையில் ஒரு மூடி கிடைத்தால் பல்லை எண்ணிப் பாருங்கள், 21 இருக்கும்.

இதற்கு நடுவே 1876ல் லூயி பாஸ்டர் பீர் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பீர் புளித்துப்போகக் கிருமிகளே காரணம், சூடுபடுத்தினால் அவை சாகும் என்று காட்டினார். ஆலைகள் பீரை வடிகட்டிச் சூடுபடுத்தி அனுப்ப ஆரம்பித்தன. கிருமியோடு ஈஸ்ட்டும் போனது. அந்த ஈஸ்ட்தான் பாட்டிலுக்குள் மிச்சமிருந்த ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது!

காவல்காரன் போனபின் ஆக்ஸிஜன் வைத்ததுதான் சட்டம். ஹாப்ஸ் மணம் மங்கும், நிறம் கறுக்கும். பழைய பீரில் வரும் நனைந்த அட்டை வாசனைக்கு டிரான்ஸ்-2-நோனினல் என்ற பொருள் காரணம் என்று 1970ல் கண்டார்கள். லிட்டருக்கு ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். வெயிலில் லாரியில் போனால் எல்லாமே இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆலைகள் வழி கண்டுபிடித்தன. முதலில் காலி பாட்டிலில் இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு கரியமில வாயுவை நிரப்புவது. பீர் ஊற்றியபின் மெல்லிய வெந்நீர்த் தாரை பீய்ச்சி நுரையைக் கழுத்துவரை எழுப்பி, அந்த நுரையின் மேலேயே மூடுவது. நுரை ஏறும்போது காற்று வெளியேறிவிடும்.

வீட்டில் காய்ச்சுபவர்களிடம் இந்த இயந்திரமெல்லாம் கிடையாது. பிரிட்டனில் 1963ல் வீட்டு பீருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. அமெரிக்காவில் 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அனுமதித்தது. இவர்கள் பழைய காவல்காரனையே வேலைக்கு வைத்தார்கள். லிட்டருக்கு சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்த்து, உயிருள்ள ஈஸ்ட்டோடு அடைத்தால், அது வாயுவும் தரும், ஆக்ஸிஜனையும் தின்னும். (சர்க்கரை அதிகமானால் பாட்டில் வெடிக்கும், ஜாக்கிரதை.) ஆனால் ஈஸ்ட்டாலும் ஓரளவுதான் சமாளிக்க முடியும். அதனால் குழாய் நுனி பாட்டிலின் அடியைத் தொடவேண்டும், சளசளவென்று ஊற்றக்கூடாது, மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இடம் விடக்கூடாது, உடனே மூடவேண்டும்.

நம் வீடுகளில் இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆவக்காய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கவேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்புவதும் காற்றை ஒதுக்கத்தான். ஆனால் ஊறுகாய்க்கு லைசென்ஸ் வேண்டாம். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுமுன் உங்கள் மாநிலக் கலால் சட்டத்தைப் படித்துவிடுங்கள். மூடி எவ்வளவு இறுக்கம் என்பது அப்புறம். மூடுவதற்கு முன் உள்ளே என்ன இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.