0எக்ஸ்80070643: ஒரு அப்டேட் வரலாறு

"எண்பது பர்சன்ட் வரைக்கும் போகுதுப்பா, அப்புறம் 'மாற்றங்கள் ரத்து செய்யப்படுகின்றன'ன்னு சொல்லிட்டு பழைய இடத்துக்கே வந்துடுது." வெளியூரில் குப்பை கொட்டும் நம்மில் பாதிப் பேருக்கு ஊரிலிருந்து இந்த மாதிரி போன் வந்திருக்கும். அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப், அல்லது பையன் படிப்புக்கு வாங்கியது. வந்த உடனே நாம் கேட்கும் முதல் கேள்வி, "அதுல என்னத்த நோண்டினீங்க?" பாவம், அவர் எதையும் நோண்டியிருக்க மாட்டார். பல சமயம் அந்தக் கோளாறு ஆறேழு வருடங்களுக்கு முன்பே, டப்பாவைப் பிரிப்பதற்கு முன்னால், தொழிற்சாலையிலேயே உள்ளே போய் உட்கார்ந்தது. அது எப்படி என்று சொல்ல கொஞ்சம் வரலாறு வேண்டியிருக்கிறது. நான் பி.காம். படித்த வங்கி ஆசாமி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் பொறுத்தருள்க.

அந்தக் காலத்தில் அப்டேட் என்பது தானாக வராது, நாம்தான் போய் எடுத்துவர வேண்டும். விண்டோஸ் 98ல் அதற்கென ஒரு இணையதளம் வைத்தார்கள். 2000ல் வந்த விண்டோஸ் மீ-யில் தானியங்கி அப்டேட் நுழைந்தது. 2003 ஜூலை 16 அன்று ஒரு முக்கியமான ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட்டது. ஆகஸ்ட் 11 அன்று அதே ஓட்டை வழியாக பிளாஸ்டர் புழு வந்தது. நடுவில் 26 நாட்கள் இருந்தும் யாரும் போடவில்லை! அறுபது விநாடி எண்ணிவிட்டு மெஷின் தானே அணைந்து எழும் அந்தக் காட்சி பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த அக்டோபரில்தான் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்ற வழக்கம் தொடங்கியது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே நம் வீடுகளில் அது புதன்கிழமைத் தலைவலி :-)

2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது முழுப் பொதியும் 266 எம்பி. டயல்-அப் காலம். 56 கே முழுசாகக் கிடைத்தாலும் பத்தரை மணி நேரம் ஆகும் (கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்). முழுசாக யாருக்குக் கிடைத்தது? ஒன்பதாவது மணி நேரத்தில் வீட்டுக்கு யாராவது போன் செய்தால் தீர்ந்தது கதை. எனவே நம் ஊர்களில் கடைக்காரர் மெஷினை அசெம்பிள் செய்து தரும்போதே ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிட்டு, "சார், இதை ஆன் பண்ணாதீங்க" என்று ஒரு அறிவுரையும் சேர்த்துத் தருவார். திருட்டு நகல் பிடிபட்டுவிடும் என்ற பயம் வேறு. இந்த அறிவுரை எக்ஸ்பி போன பின்பும் போகவில்லை. இன்றும் அதே மந்திரத்தை ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது 2007 விஸ்டா. அதை எல்லோரும் திட்டினார்கள், ஆனால் இன்று நாம் பார்க்கும் அப்டேட்டின் உள்கட்டுமானம் அங்கே பிறந்தது. சிஸ்டம் கோப்புகளின் மூலப் பிரதிகளை எல்லாம் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒரு கிடங்கில் வைத்து, அங்கிருந்து எடுத்துப் பொருத்தும் முறை. வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒரு வவுச்சரில் பற்றும் வரவும் இரண்டும் பதிவாக வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே பதிவாகக் கூடாது. பாதி பதிந்து பாதி நிற்பது மகாபாவம். அப்டேட்டும் அப்படித்தான். நூறு கோப்புகளில் ஒன்று கிடங்கின் கணக்கோடு டாலி ஆகவில்லை என்றால் மொத்தமும் திரும்பப் பெறப்படும். எண்பது சதவீதத்தில் திரும்பி வருவது மெஷினின் முரட்டுத்தனம் அல்ல, ஜாக்கிரதை. அது திரும்பாமல் முன்னே போயிருந்தால்தான் மெஷின் எழுந்திருக்காமல் போயிருக்கும்.

இது புரிந்தால் மெக்கானிக்குகள் ஓட்டும் இரண்டு கட்டளைகளின் வரிசையும் புரியும். எஸ்எஃப்சி என்பது ஓடும் கோப்புகளைக் கிடங்கோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது. டிஐஎஸ்எம் என்பது கிடங்கையே மைக்ரோசாஃப்ட்டிடம் உள்ள நல்ல பிரதியோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது. தலைமை அலுவலகப் பேரேடே தப்பாக இருக்கும்போது கிளையின் கணக்கை அதோடு ஒப்பிட்டு என்ன பயன்? எனவே டிஐஎஸ்எம் முதலில், எஸ்எஃப்சி பிறகு. நிறைய பேர் தலைகீழாக ஓட்டிவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்பார்கள்.

2015-16ல் இன்னொரு கூத்து. விண்டோஸ் 7ஐப் புதிதாக நிறுவினால், என்னென்ன அப்டேட் வேண்டும் என்று தேடுவதற்கே மணிக்கணக்கில் ஓடும். ஒன்றை ஒன்று மாற்றும் ஒட்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, எது எதற்குப் பதில் என்று கணக்குப் போட்டே பிராசஸர் சூடாகும். அதோடு "விண்டோஸ் 10க்கு மாறுங்கள்" என்ற அறிவிப்பின் நச்சரிப்பும் சேர்ந்தது. வெறுத்துப்போய் அப்டேட்டையே அணைத்தவர்கள் ஏராளம்.

2017 மார்ச் 14 அன்று ஒரு ஒட்டு வந்தது. மே 12 அன்று வான்னாகிரை. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்ட அதே வைரஸ். எக்ஸ்பி பழசு, அதனால்தான் அடிபட்டது என்று அன்று எல்லோரும் சொன்னோம். உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று காஸ்பர்ஸ்கி பிறகு கணக்குச் சொன்னது. ஒட்டு இருந்தது, இரண்டு மாதமாக இருந்தது, போடப்படவில்லை. இங்கே கேரளத்தில் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் மாட்டின. லண்டன் மருத்துவமனைகளையும் வயநாட்டுப் பஞ்சாயத்தையும் ஒரே நாளிதழில் ஒரே பக்கத்தில் சேர்த்தது அந்த ஒரு போடாத அப்டேட்தான். முந்தைய வருடத்தின் நச்சரிப்பால் அணைத்த அப்டேட்டுகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கட்சி.

எங்கள் தொழிலுக்கு வருகிறேன். ஏடிஎம் என்பது பணம் எண்ணும் பெட்டி பூட்டிய ஒரு சாதாரண கம்ப்யூட்டர். ஒரு காலத்தில் அதற்குள் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இருந்தது. பிறகு எக்ஸ்பி வந்தது. எப்போதாவது மென்பொருள் விழுந்துவிட்டால் ஏடிஎம் திரையில் பச்சைப் புல்மேடும் நீல வானமும் தெரியுமே, அது 1996ல் கலிபோர்னியாவில் சார்லஸ் ஓ'ரியர் எடுத்த படம். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு, "சாரே, மெஷின்ல சினிமா ஓடுது" என்பார்கள்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. தமிழ்நாட்டு அரசு அப்போது தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது (சென்னை சி-டாக் 2007ல் வெளியிட்டது, மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதையும் பார்த்திருப்பீர்கள்). கேரளப் பள்ளிகள் அதற்கும் முன்பே லினக்ஸுக்குப் போய்விட்டன. ஏடிஎம்கள் மட்டும் அசையவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஏப்ரலில் ரகசியச் சுற்றறிக்கை அனுப்பிப் பார்த்தது. பிறகு 2018 ஜூன் 21 அன்று வெளிப்படையாகவே கெடு வைத்தது: செப்டம்பருக்குள் 25 சதவீத மெஷின்கள், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் முழுவதும். கூடவே பயாஸ் பாஸ்வேர்டு போடு, யுஎஸ்பி துளையை அடை என்று அடிப்படைப் பாடங்களும். நான்கு வருடம் கழித்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே வெட்கம்தான். ஆனால் வெளியே இருந்து திட்டுவது சுலபம். பழைய மெஷினின் பிராசஸர் புதிய விண்டோஸைத் தாங்காது, பணம் தரும் டிஸ்பென்சருக்குப் புதிய விண்டோஸுக்கான டிரைவர் வேண்டும், பல இடங்களில் இணைப்பு மெதுவான விசாட், ஒவ்வொரு மெஷினுக்கும் ஆள் நேரில் போக வேண்டும். இந்தச் செலவுகளைச் சொல்லித்தான் 2018 நவம்பரில் ஏடிஎம் தொழில் கூட்டமைப்பு, நாட்டின் சுமார் 2.38 லட்சம் ஏடிஎம்களில் 1.13 லட்சம் மூட வேண்டி வரலாம் என்று எச்சரித்தது. அப்படி ஒன்றும் மூடவில்லை. பாதி உண்மை, பாதி கட்டண உயர்வுக்கான அழுகை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சரி, தலைப்பில் உள்ள எண்ணுக்கு வருவோம். 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு கேபி5034441 என்று ஒரு அப்டேட் வந்தது. பிட்லாக்கர் பூட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழையும் ஒரு ஓட்டையை அடைப்பதற்கு. உலகம் முழுவதும் எண்ணற்ற லேப்டாப்களில் அது ஃபெயில் ஆனது. மறுபடி முயன்றது, மறுபடி ஃபெயில். திரையில் வந்த பிழை எண் 0எக்ஸ்80070643. அதற்கு அர்த்தம் "நிறுவுதலில் பிழை" என்பது மட்டும்தான். வயிற்றுவலி என்று போனால் டாக்டர் "உங்களுக்கு வயிற்றில் வலி" என்று சீட்டு எழுதித் தந்த மாதிரி.

உண்மைக் காரணம் இடப் பற்றாக்குறை. சி டிரைவில் அல்ல. மெஷின் விழுந்தால் காப்பாற்ற வைத்திருக்கும் மீட்புப் பகிர்வு என்ற மறைவான சின்ன அறையில். அங்கே 250 எம்பி காலியிடம் இருந்தால்தான் இந்த அப்டேட் உட்காரும். அந்த அறையை அரை ஜிபி அளவில் கட்டியது மெஷின் செய்த கம்பெனி அல்லது விண்டோஸ் நிறுவியே. இதில் அப்பா என்ன நோண்டியிருக்க முடியும்? இடம் போதவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தவறான பிழை எண் வருகிறது என்று மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. அந்த அறையே இல்லாத, அதைப் பயன்படுத்தாத மெஷின்களுக்கும் அப்டேட் போய் ஃபெயில் ஆனது தனிக் கதை.

நான் இருக்கும் கொச்சங்காடியில் பழைய வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்து நிற்கும். ஒரு அறையைப் பெரிதாக்க வேண்டும் என்றால் அடுத்த அறையிலிருந்துதான் எடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வும் அதுதான். கட்டளைத் திரையைத் திறந்து சி டிரைவிலிருந்து 250 எம்பி வெட்டி, மீட்புப் பகிர்வை அழித்து, பெரிதாக மறுபடி கட்டுங்கள் என்றார்கள். எழுபது வயது அப்பாவிடம் போனில் இதைச் சொல்ல முடியுமா? பழைய நிறுவல்களில் அந்த அறை வட்டின் தொடக்கத்திலேயே இருக்கும், சி டிரைவைச் சுருக்கினாலும் அங்கே போய்ச் சேராது. தானாகச் சரியாகும் ஒரு வழி வரும் என்று எல்லோரும் காத்திருக்க, வராது என்று அந்தக் கோடையில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் 2024 ஆகஸ்டில் அந்த அப்டேட்டை மாற்றி, இடம் இருக்கும் மெஷின்களுக்கு மட்டும் புதியது காட்டினார்கள். பிழைச் செய்தி போயிற்று. இடம் இல்லாத மெஷின்களில் ஓட்டை அப்படியே. இதில் உச்சம், 2025 ஏப்ரலில் இன்னொரு மீட்பு அப்டேட்டுக்கு இதே எண் மறுபடி வந்தது. இந்தத் தடவை அப்டேட் சரியாகவே ஏறியிருந்தது, செய்திதான் பொய்!

எனவே ஊரிலிருந்து போன் வந்தால் நான் கேட்கும் வரிசை இது. முதலில் எண்ணைப் படிக்கச் சொல்வேன், கூடவே கேபி எண்ணையும். எண் மட்டும் போதாது என்பது மேலே சொன்ன கதையிலேயே தெரிகிறது. அடுத்து சி டிரைவில் எவ்வளவு காலி. பத்து இருபது ஜிபி இல்லாமல் பெரிய அப்டேட்டை முயல்வதே வீண். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறாரா, நடுவில் மூடியைச் சாத்துகிறாரா? பிறகு அப்டேட் சேவையை நிறுத்தி, சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன் என்ற கோப்புறையின் பெயரை மாற்றினால் அரைகுறையாக இறங்கியது போய்ப் புதிதாக இறங்கும். அதற்கும் மசியாவிட்டால் டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி. அதற்கும் மசியாவிட்டால் நிறுவல் கோப்பைத் தரவிறக்கி, கோப்புகளை வைத்துக்கொண்டே மேலாக மறுபடி நிறுவுவது. இதற்கெல்லாம் முன்னால் போட்டோக்களை ஒரு வெளி வட்டில் பிரதி எடுங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலரது ஆவணக் கோப்புகளையே அழித்து, சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டது மறந்திருக்காது.

இன்னொன்று, பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முதன்முதலில் மெஷினைத் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை உருவாக்கியது நீங்களா, தம்பியா, கடைக்காரரா? அந்த மின்னஞ்சல் முகவரி யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பகிர்வைத் தொட்ட பின் சாவி கேட்டு நின்றுவிட்டால், சாவி இல்லாமல் பேரப்பிள்ளைகளின் படங்களை யாராலும் எடுத்துத் தர முடியாது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லாத, பிராசஸர் பட்டியலில் இல்லாத லேப்டாப்கள் அதிகாரபூர்வமாக 11க்குப் போக முடியாது. அவற்றில் நீங்கள் எவ்வளவு முயன்றாலும் வரும் தோல்வி பழுது அல்ல, மறுப்பு. அவற்றுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை தள்ளலாம். அதிலும் சேர முடியாதென்றால், அந்த மெஷினில் படம் பாருங்கள், பாட்டுக் கேளுங்கள்; அப்பாவின் ஓய்வூதியக் கணக்கின் நெட்பேங்கிங்கை மட்டும் அதில் திறக்காதீர்கள். லினக்ஸ் போட்டுத் தர ஊரில் ஒரு பையன் கிடைத்தால் அதுவும் நல்ல வழி. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் அரை மணி நேர வேலை என்கிறார்கள்.