நைல் நதியின் மீது போட்ட பழி



விலைவாசி ஏறும்போதும், வேலை இழந்தோர் பள்ளிவாசல் வாசலில் வந்து நிற்கும்போதும் மிம்பரிலிருந்து நாம் பெரும்பாலும் ஒரே விளக்கத்தையே கேட்கிறோம். பாவங்கள் பெருகிவிட்டன, ஆகவே அல்லாஹ் பஞ்சத்தைக் கொண்டு சோதிக்கிறான், இஸ்திஃபார் செய்யுங்கள் என்பதே அது. இதில் பிழையேதும் இல்லை. ஆயினும் யாருடைய பாவம், எந்தப் பாவம் என்று எவரேனும் கேட்டுவிட்டால் அங்கே ஓர் அமைதி நிலவும். பசித்தவனைத் தவ்பா செய்யச் சொல்லிவிட்டு, பதுக்கியவனையும் பதவியை விற்றவனையும் சுட்டாமல் விட்டுவிடும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோ மாநகரில் ஓர் ஆலிம் இவ்வழக்கத்திற்கு எதிராகவே ஒரு சிறுநூல் எழுதினார். ஹிஜ்ரி 808, முஹர்ரம் மாதத்தின் ஒரே இரவில் அதனை ஒழுங்குபடுத்தி முடித்ததாக அவரே குறிப்பிடுகிறார். நூலின் பெயர் 'இகாததுல் உம்மா'. ஆசிரியர் தகிய்யுத்தீன் அஹ்மத் அல்மக்ரீஸீ (ரஹ்) அவர்கள்.

மக்ரீஸீ கி.பி. 1364இல் கெய்ரோவில் பிறந்தவர். 1382இல் அந்நகருக்கு வந்து குடியேறிய இப்னு கல்தூனின் பாட அவையில் அமர்ந்தவர். ஹிஜ்ரி 801இல் (1399) சுல்தான் பர்கூக் அவரைக் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமித்தார். முஹ்தஸிப் என்பவர் சந்தையின் காவலர். எடைக்கல்லும் முகத்தலளவையும் சரிதானா, மாவில் கலப்படம் உண்டா, காசு நல்ல காசா என்று கடைகடையாகச் சென்று பார்ப்பது அவர் பணி. தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நபி (ஸல்) அவர்களின் செயலே இப்பதவியின் வேர் எனலாம். அதே ஆண்டின் இறுதியில் மக்ரீஸீ நீக்கப்பட்டு அவ்விடத்தில் பத்ருத்தீன் அல்ஐனீ அமர்த்தப்பட்டார். ஸஹீஹுல் புகாரிக்கு 'உம்தத்துல் காரீ' என்னும் விரிவுரை எழுதியவராக நம் மத்ரஸாக்கள் அறிந்துள்ள அதே ஐனீதான். அதன் பின்னும் அப்பதவி கைமாறிக்கொண்டே இருந்தது. ஆக, மக்ரீஸீ சந்தையைப் பற்றி எழுதியது கிதாபுகளை மட்டும் பார்த்தன்று, கடைத்தெருவில் கண்ணால் கண்டு எழுதியதாகும்.

ஹிஜ்ரி 806இல் (1403) நைல் நதி பொய்த்தது. ரவ்ளா தீவில் ஆற்றின் உயரத்தை அளக்க ஒரு கல்தூண் உண்டு. நீர் பதினாறு முழத்தைத் தொட்டால் வயல்கள் நனையும் என்பது எகிப்தியரின் பழங்கணக்கு. அவ்வாண்டு நீர் குறைந்தது, தானியம் அரிதாயிற்று, பஞ்சத்தைத் தொடர்ந்து கொள்ளைநோயும் வந்தது. இதுபோன்ற துன்பம் முன்பு வந்ததில்லை, இது நீங்கப்போவதும் இல்லை என்று மக்கள் மனமொடிந்தனர். மக்ரீஸீ முதலில் தாக்கியது இந்த எண்ணத்தையே. முன்னரும் நைல் பலமுறை பொய்த்ததுண்டு. பஞ்சங்கள் வந்ததுண்டு, போனதுண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். அப்படியானால் இம்முறை ஏன் நீங்கவில்லை? ஆட்சியாளர்களின் கெட்ட நிர்வாகமும், மக்கள் நலனில் அவர்கள் காட்டிய அலட்சியமுமே காரணம் என்பது அவர் விடை. நதியின் மீது போட்ட பழியை எடுத்து அரண்மனையின் மீது வைத்தார்.

பழைய பஞ்சங்களுள் ஃபாத்திமிய்யாக் கலீபா முஸ்தன்ஸிரின் காலத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகள் (1065–1072) நீடித்த பஞ்சத்தைப் பற்றி அவர் கூறும் செய்தி ஒன்று நெஞ்சை உலுக்குவது. செல்வக் குடும்பப் பெண்ணொருத்தி ஆயிரம் தீனார் பெறுமதியுள்ள கழுத்தணியைக் கொண்டு மாவு கேட்டு அலைகிறாள். எவரும் கொடுப்பதாயில்லை. கடைசியில் ஒருவர் இரங்கி ஒரு மூட்டை மாவு தருகிறார். வழித்துணையாக வந்த காவலர்க்கும் அதில் பங்கு கொடுத்து ஸுவைலா வாயில்வரை கொண்டுவந்து சேர்க்கிறாள். அதற்கப்பால் கூட்டம் பாய்ந்து மூட்டையைச் சூறையாடுகிறது. அவளும் கூட்டத்தோடு கூட்டமாகக் கையை நீட்டித் தன் மாவிலேயே ஒரு பிடி அள்ளிக்கொள்கிறாள். அதை ஒரு ரொட்டியாகச் சுட்டு, அரண்மனை அருகே மேடான ஓரிடத்தில் ஏறி நின்று, ரொட்டியை உயர்த்திக் காட்டி, நம் கலீபாவுக்காக துஆச் செய்யுங்கள், அவர் ஆட்சியின் பரக்கத்தால் இந்த ஒரு ரொட்டி எனக்கு ஆயிரம் தீனாருக்குக் கிடைத்தது என்னும் பொருள்படக் கூவுகிறாள்.

செய்தி கலீபாவை எட்டியது. அவர் நகர ஆளுநரை அழைத்து, தானியம் வெளிவராவிட்டால் உன் தலை போய்விடும் என்று மிரட்டினார். ஆளுநர் செய்ததோ விசித்திரமானது. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த சிலருக்கு வணிகர் உடை உடுத்தி, தானிய வியாபாரிகளைக் கூட்டி, பதுக்கல்காரர்கள் என்று சொல்லி அவர்கள் கண்முன்னே ஒவ்வொருவராக வெட்டச் செய்தார். வியாபாரிகள் நடுங்கிக் களஞ்சியங்களைத் திறந்தனர். ரொட்டி விலை இறங்கியது. இந்நிகழ்ச்சியைப் பதுக்கலுக்கு மருந்தாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. எமக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒரு வழக்கில் தண்டனை பெற்றவனை வேறொரு குற்றத்தின் வேடம் பூட்டிக் கொல்வது நீதியாகாது. ஆனால் ஓர் உண்மை அதிலிருந்து வெளிப்படுகிறது. பஞ்சத்தின் நடுவிலும் நகருக்குள்ளே தானியம் இருந்தது.

இனி மக்ரீஸீ தம் காலத்துப் பஞ்சத்திற்குக் கூறும் மூன்று காரணங்களைப் பார்ப்போம். முதற்காரணமாக அவர் வைத்தது லஞ்சத்தை. அமைச்சர் பதவி, மாகாண ஆட்சி, முஹ்தஸிப் பதவி, ஏன், காழி பதவிகூடப் பணத்துக்கு விற்கப்பட்டது. தகுதியற்றவன் கடன் வாங்கிப் பதவியை வாங்குகிறான். பதவிக்கு வந்ததும் கடனை அடைக்கக் குடிமக்களைப் பிழிகிறான். கடன் தீருமுன்பே அதிக விலை கொடுத்த மற்றொருவன் அவ்விடத்துக்கு வந்துவிடுகிறான். பிழியப்பட்ட குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடினர், வயல்கள் தரிசாயின. தாம் வகித்த பதவியையும், நீதி வழங்கும் ஆலிம்களின் பதவியையும் அவர் இப்பட்டியலிலிருந்து விலக்கவில்லை என்பது கருதத்தக்கது. இரண்டாவது காரணம், அமீர்களின் காரியஸ்தர்கள் நிலக் குத்தகையை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போனது. இதனை விரித்துரைக்கத் தேவையில்லை; உழுதவன் அறிவான்.

மூன்றாவது காரணம் செம்புக்காசு. இங்கேதான் மக்ரீஸீ மிகுதியாகப் பேசுகிறார். அக்காசு எகிப்தில் பரவியதற்கு அவர் கூறும் வரலாறு சுவையானது. ஐயூபிய சுல்தான் காமில் காலத்தில், ஹிஜ்ரி 622 (1225) அளவில், ஒரு பெண் ஜாமிஉ பள்ளிவாசல் கத்தீபிடம் வந்து, நான் குடிக்கும் தண்ணீர் ஹலால்தானா என்று கேட்டாளாம். தண்ணீருக்கு என்னம்மா தடை என்று கத்தீப் வியந்தார். அவள் விளக்கினாள்: தோற்பை நீரின் விலை அரை திர்ஹம். நான் ஒரு திர்ஹம் கொடுக்கிறேன். தண்ணீர்க்காரர் அரை திர்ஹம் வெள்ளியைத் திருப்பித் தருகிறார். அப்படியானால் ஒரு வெள்ளிக் காசுக்குத் தண்ணீரும் வெள்ளியும் சேர்த்து வாங்கியதாக ஆகிறதே, இது வட்டியாகாதா? ஷாஃபிஈ மத்ஹபின் வணிகப் பாடத்தை ஓதியவர்கள் இக்கேள்வியின் கூர்மையை உடனே உணர்வர். கத்தீப் சுல்தானிடம் பேசினார். சில்லறைக்கென்று செம்புக்காசு அடிக்கப்பட்டது. வட்டியின் வாடையும் படக்கூடாதென்று அஞ்சிய ஓர் ஏழைப் பெண்ணின் பேணுதலிலிருந்து பிறந்த காசு அது!

அக்காசு கீரை வாங்கவும் தண்ணீர் வாங்கவும் பயன்பட்டவரை தீங்கில்லை. சுல்தான் பர்கூக்கின் காலத்தில் அரண்மனை வருவாய் அதிகாரியாக இருந்த மஹ்மூத் இப்னு அலீ அதில் ஆதாயத்தைக் கண்டார். ஐரோப்பியரிடமிருந்து செம்பு இறக்குமதி செய்யப்பட்டு, கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் காசுகள் குவியல் குவியலாக அடிக்கப்பட்டன. வெள்ளி திர்ஹம் அடிப்பது நின்றுபோயிற்று. இருந்த வெள்ளியில் ஒரு பகுதி நகைகளாக உருகியது. ஒரு பகுதி வெளிநாடு சென்றது. முடிவில் கூலியும் விலையும் செம்பிலேயே பேசப்பட்டன. காசுகளை எண்ணுவதை விட்டுத் தராசில் நிறுத்துக் கொடுக்கும் நிலை வந்தது.

முந்தைய இமாம்கள் இதனை எச்சரித்திருந்தனர். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் கள்ளக்காசைப் புழக்கத்தில் விடுவதைத் திருட்டைவிடக் கொடியதாகக் கருதும் கூற்றை இஹ்யாவில் எடுத்துரைத்து, அதன் காரணத்தையும் தருகிறார்கள். திருடியவனின் பாவம் அச்செயலோடு முடிந்துவிடுகிறது. கெட்ட காசோ விட்டவன் மண்ணறைக்குப் போன பின்னும் கைக்குக் கை மாறிப் பாவத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களோ நேராக ஆட்சியாளரிடமே பேசினார்கள். ஆட்சியாளர் செம்பை வாங்கிக் காசாக அடித்து அதையே வியாபாரமாக்கக் கூடாது, மக்களின் கொடுக்கல் வாங்கலுக்கு நியாயமான மதிப்பிலேயே அடிக்க வேண்டும் என்பது அவர்களின் தீர்ப்பு. அவர்கள் மறைந்தது 1328இல். எழுபதாண்டு கழித்து அதே தவறே அரசின் வருவாயாயிற்று. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல் வழங்குவதை எண்ணிப் பார்க்கிறோம்.

இதில் யார் எவ்வளவு இழந்தார் என்பதையும் மக்ரீஸீ கணக்கிட்டார். மக்களை ஏழு வகுப்பாகப் பிரித்து ஒவ்வொரு வகுப்பின் நிலையையும் எழுதினார். ஆட்சியாளர்களும் பெருவணிகர்களும் கையிலுள்ள காசின் எண்ணிக்கையைக் கண்டு செல்வம் பெருகியதாக மகிழ்கின்றனர். அதே தொகை எத்தனை பொன் பெறும், எவ்வளவு பொருள் வாங்கும் என்று பார்த்தால் முன்பைவிடக் குறைவு என்பதை உணர்வார்கள் என்கிறார். வக்ஃபிலிருந்து நிலையான உதவித்தொகை பெற்ற ஃபகீஹ்களும் மாணவர்களும் நலிந்தனர். தொகை மாறவில்லை, ரொட்டி விலை மாறியது. கொத்தர், நெசவாளர், சுமைகூலிகள் ஆகியோரின் கூலி பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் இறந்துவிட்டதால்தான் எஞ்சியோருக்கு அக்கூலி கிடைத்தது. இவ்வரியை அவர் எந்த அலங்காரமுமின்றி எழுதிச் செல்கிறார்.

தங்கமும் வெள்ளியுமே பணம், அவற்றுக்குத் திரும்பினால் துயர் நீங்கும் என்பது மக்ரீஸீயின் மருந்து. 1997ஆம் ஆண்டின் ஆசிய நாணய நெருக்கடிக்குப் பின் மலேசியாவில் மகாதீர் முகம்மது தங்க தீனாரைப் பற்றிப் பேசியபோது இக்கருத்துக்கு மீண்டும் மதிப்பு வந்தது. மக்ரீஸீயின் மீது பெருமதிப்பு உண்டு எனினும், இங்கு அவர் முழுவதும் சரி என்று எம்மால் சொல்ல முடியவில்லை. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் வெள்ளிக்குத் தட்டுப்பாடு இருந்தது. 1347–49இன் பெருங்கொள்ளைநோய் எகிப்தின் உழவர்களை வாரிக்கொண்டு போனதால் வாய்க்கால்களைப் பராமரிக்க ஆளில்லை. 1401இல் தைமூரின் படை டமாஸ்கஸைச் சூறையாடியது. இவற்றையெல்லாம் ஓர் அதிகாரியின் பேராசை விளைவித்ததன்று. ஆனால் லஞ்சத்தை முதலிலும் செம்பைக் கடைசியிலும் அவர் வைத்த வரிசையைக் கவனிக்க வேண்டும். காசின் உலோகத்தை மட்டும் மாற்றப் புறப்படுவோர் அவர் நூலின் முதற்காரணத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

அவர் விரும்பியது ஓரளவு நடந்தேறியது. சுல்தான் முஅய்யத் ஷைக் 1415இல் நல்ல வெள்ளிக்காசை வெளியிட்டார். மக்ரீஸீ மகிழ்ந்து பாராட்டினார். தங்கத்திலோ கெய்ரோ வணிகர்கள் நம்பியது வெனிஸ் நகரத்தின் பொற்காசை. ஒருபுறம் கிறிஸ்தவப் புனிதரின் உருவமும் அவர்முன் மண்டியிட்ட நகரத் தலைவரின் உருவமும் பொறித்த அக்காசு, எடையில் மாறாததால் முஸ்லிம்களின் சந்தையில் ஆட்சி செலுத்தியது. 1425இல் சுல்தான் பர்ஸ்பாய் அதற்குப் போட்டியாக 'அஷ்ரஃபி' என்னும் பொற்காசை அடித்தபோது, 4.25 கிராம் கொண்ட பழைய தீனாரின் எடையில் அடிக்கவில்லை. ஏறத்தாழ 3.4 கிராமில், வெனிஸ் காசின் எடையை ஒட்டியே அடித்தார். 1442இல் மக்ரீஸீ கெய்ரோவில் வஃபாத்தானார்கள். அப்போதும் அந்நகரின் கடைகளில் செம்புக்காசு நிறுக்கும் தராசுகள் இருந்தன.