புத்தர் காட்டிய ஆறு திசைகள்



வெசாக் தினம் நம் நாட்டில் பொது விடுமுறை. பட்டணத்துப் பௌத்த ஆலயங்களில் விளக்குகள் ஒளிரும். அலங்கார ரதங்கள் ஊர்வலமாக வரும். அது யாருடைய நினைவாக எடுக்கப்படும் விழா? அவர் என்ன போதித்தார்? உழைத்து வாழும் நம் போன்றோருக்கு அதில் என்ன இருக்கிறது? இவற்றை இன்று காண்போம்.

ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் இமயமலை அடிவாரத்தில் சாக்கியர் என்னும் குலத்தார் வாழ்ந்து வந்தனர். அவர்களின் தலைவர் சுத்தோதனர். அவர் மனைவி மாயாதேவி. இவர்களின் மகனே சித்தார்த்தர். பிறந்த இடம் லும்பினி. இன்று அது நேப்பாள நாட்டில் உள்ளது. பெற்ற தாய் ஏழாம் நாளே மறைந்தார் என்றும், சிற்றன்னை கௌதமி குழந்தையை வளர்த்தார் என்றும் பௌத்த நூல்கள் கூறும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மாமன்னர் லும்பினிக்கு நேரில் வந்து ஒரு கல்தூண் நாட்டினார். புத்தர் பிறந்த ஊர் என்பதற்காக அவ்வூராரின் வரியைக் குறைத்ததையும் அத்தூணில் பொறித்து வைத்தார். அந்தத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

செல்வத்தில் வளர்ந்த சித்தார்த்தர் ஒரு முதியவரையும், ஒரு நோயாளியையும், ஒரு பிணத்தையும் கண்டு மனம் கலங்கினார் என்பர். 29ஆம் வயதில் வீட்டைத் துறந்தார். ஆறு ஆண்டுகள் உடலை வருத்தித் தவம் செய்தும் பயன் இல்லை. சுகபோகமும் வேண்டாம், உடலை வதைப்பதும் வேண்டாம், நடுவழியே நல்வழி என்று தெளிந்தார். 35ஆம் வயதில், புத்தகயையில் அரச மரத்தடியில் ஞானம் பெற்றுப் புத்தர் ஆனார். காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் ஐந்து பேருக்கு முதல் உபதேசம் செய்தார்.

அந்த உபதேசத்தின் சாரம் நான்கு உண்மைகள். ஒரு நல்ல வைத்தியரை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் முதலில் நோயை அறிகிறார்; பிறகு அதன் காரணத்தைக் காண்கிறார்; நோய் தீரும் என்று தைரியம் சொல்கிறார்; பின் மருந்து தருகிறார். புத்தரும் அப்படியே செய்தார். வாழ்வில் துன்பம் உண்டு. அதற்குக் காரணம் ஆசை. ஆசை அற்றால் துன்பம் அறும். அதற்கு வழி எட்டு உறுப்புகள் கொண்ட நல்வழி. நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்பனவே அந்த எட்டும். இல்லறத்தாருக்கு ஐந்து ஒழுக்கங்களை வகுத்தார்: கொல்லாமை, திருடாமை, பிறர் மனை நாடாமை, பொய் சொல்லாமை, போதைப் பொருள் அருந்தாமை.

ஒருவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்பதைப் பிறப்பு தீர்மானிப்பதில்லை, செயலே தீர்மானிக்கிறது என்றார் புத்தர். சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, அவர்களுக்கு நாவிதராக இருந்த உபாலியும் உடன் வந்தார். குலச் செருக்கு அடங்க வேண்டும் என்று கருதிய இளவரசர்கள், உபாலிக்கே முதலில் துறவு அளிக்கும்படி வேண்டினர். அப்படியே நடந்தது. முன்னே துறந்தவரைப் பின்னே துறந்தவர் வணங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஆகவே இளவரசர்கள் நாவிதரை வணங்கினர்.

இனி, நம் வாழ்வுக்கு மிக நெருக்கமான ஒரு செய்தி. இராஜகிருக நகரில் சிகாலன் என்னும் இளைஞன், விடியற்காலையில் ஈர உடையோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக் கொண்டிருந்தான். தந்தை சொல்லிவிட்டுப் போன வழக்கம் அது. புத்தர் அவனைத் தடுக்கவில்லை. கும்பிடுவதன் பொருளை விளக்கினார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை நமக்காக உழைப்போர், மேல்திசை துறவியர். இவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்வதே திசை வணக்கம் என்றார்.

அதில் முதலாளிக்குச் சொன்ன ஐந்து கடமைகளைக் கேளுங்கள். வேலையாளின் சக்திக்கேற்ப வேலை கொடுக்க வேண்டும். உணவும் கூலியும் குறையாமல் தர வேண்டும். நோயுற்றால் கவனிக்க வேண்டும். சுவையான பண்டம் கிடைத்தால் பகிர்ந்தளிக்க வேண்டும். தக்க காலத்தில் ஓய்வு தர வேண்டும். சம்பளம், மருத்துவம், விடுமுறை என்று நம் தொழிற்சங்கங்கள் பேசிய பேச்சு, அன்றே அறமாகச் சொல்லப்பட்டிருக்கிறது! வேலையாளுக்கும் கடமை உண்டு: நேரத்தோடு எழ வேண்டும், கொடுத்ததையன்றி எடுக்கக் கூடாது, வேலையைத் திருத்தமாகச் செய்ய வேண்டும். உரிமையும் கடமையும் இரு பக்கமும் நின்றால்தான் தராசு நேராக நிற்கும்.

கைப்பொருள் கரையும் வழிகளையும் அவனுக்கு எடுத்துரைத்தார்: போதை, அகாலத்தில் ஊர் சுற்றுதல், கேளிக்கை, சூதாட்டம், தீய நட்பு, சோம்பல். சம்பள நாளன்று கணவனின் வரவுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்த தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமயம் தமிழருக்கும் அந்நியமன்று. மணிமேகலை பௌத்தக் காப்பியம். கடாரம் என்று நம் முன்னோர் சொன்ன கெடாவோடும் ஒரு தொடர்பு உண்டு. கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். சிவபக்தரான இராசராச சோழர் ஏறத்தாழ 1006இல் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்கு வழங்கினார்.

புத்தர் தம் 80ஆம் வயதில் குசிநகரில் மறைந்தார். அவர் கடைசியாக உண்டது சுந்தன் என்னும் கொல்லர் அளித்த உணவு. அதனால்தான் நோய் கண்டது என்று எவரும் அவரைப் பழிக்கக் கூடாது என்பதற்காக, அந்த அன்னதானம் பெரும் புண்ணியம் என்று அவருக்குச் சொல்லச் செய்தார். உயிர் போகும் வேளையிலும் ஓர் உழைப்பாளியின் மனம் நோகாமல் காத்தார் புத்தர். அவர் போதித்த அன்புக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?