டயரின் பக்கச்சுவரும் ஓம்படைக்கிளவியும்

சென்ற மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் வசிக்கும் என் தாய்மாமா தம் வண்டியின் முன்சக்கரத்தருகே என்னை உட்காரவைத்து, "மருமவனே, கல்வெட்டெல்லாம் வாசிக்கியே, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு பாப்போம்" என்றார்.

வண்டி ஒரு எஸ்யுவி. ஆண்டுதோறும் கோடையில் மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்வந்ததில் நான்கு டயர்களும் தேய்ந்திருந்தன. மூன்றாண்டு வாரண்டியில் இன்னும் ஆறு மாதம் மீதம். மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர், "ஒரு சைஸ் அகலமாகப் போடுங்கள், மழையில் பிடிப்பு கூடும்" என்றிருக்கிறார். சர்வீஸ் சென்டரிலோ, "நாங்கள் சொல்லும் டயரைத் தவிர வேறு போட்டால் வாரண்டி போய்விடும்" என்றிருக்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்றார் மாமா. வண்டியின் உரிமையாளர் இப்படி நடுவில் நிற்க நேர்வதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடியபோது எடுத்த குறிப்புகளே இப்பதிவு.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தாராவி 90 அடிச் சாலையில் தமிழர், மராத்தியர், இந்தி பேசுவோர் அனைவருக்கும் மாற்றுச் சக்கரம் என்றால் ‘ஸ்டெப்னி’தான். இது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டு வாக்கில், காற்றடித்த டயர் பூட்டிய ஆரக்கால் இல்லாத விளிம்பு ஒன்றை விற்கத் தொடங்கினர். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைப் பொருத்தி வீடு திரும்பலாம். பிரிட்டனில் பொதுவழக்கிலிருந்து மறைந்துவிட்ட அச்சொல் நம் நாட்டில் நிலைத்துவிட்டது. அக்காலக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன என்பதை இதனுடன் சேர்த்து நோக்கவேண்டும். டயர் வெடிப்பது வண்டி செய்தவரின் கவலையாக இருக்கவில்லை. வண்டி வாங்கியவர் அதற்கெனத் தனியே ஒரு பொருளை வாங்கிக்கொண்டார்.

இதற்குக் காரணம், காரும் டயரும் தொடக்கத்திலிருந்தே இருவேறு தொழில்களாக வளர்ந்ததுதான். டன்லப் 1888இல் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயர் செய்தது மிதிவண்டிக்காக. ஃபயர்ஸ்டோன் 1900இல் ஆக்ரன் நகரில் தோன்றியது. ஃபோர்டு 1903இல் டெட்ராய்ட் பகுதியில். இப்பிரிவை மும்பையின் வரைபடத்திலும் காணலாம். எஸ்யுவியின் மூதாதையான வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் மஸ்காவ் பகுதியில் பூட்டத் தொடங்கியது. ஃபயர்ஸ்டோனின் தொழிற்சாலை விடுதலைக்கு முன்பே சிவ்ரியில் இருந்தது. சியட் 1958இல் பாண்டுப்பில் வந்தது. சிவ்ரித் தொழிற்சாலை பின்னர் ‘பாம்பே டயர் இன்டர்நேஷனல்’ ஆயிற்று. கலால் வரிச் சட்டம் பயில்வோர் அறிந்த 1983ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்பெயரில்தான் உள்ளது. தொழில்கள் இரண்டானதால் உத்தரவாதங்களும் இரண்டாயின. இன்றும் கார் நிறுவனங்களின் வாரண்டிக் கையேட்டைப் புரட்டினால், டயருக்கு டயர் நிறுவனமே பொறுப்பு என்ற வரி பெரும்பாலும் கண்ணில் படும்.

இந்தப் பிரிவின் விலை என்ன என்பதை உலகம் 2000ஆம் ஆண்டில் அறிந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற எஸ்யுவியில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேலடுக்கு, வேகமாக ஓடும்போது உரிந்து கழன்றது. உயரமான வண்டிகள் உருண்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் 9 அன்று 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. அமெரிக்க அரசின் கணக்கில் இறந்தோர் 271 பேர். டயர் நிறுவனம் வண்டியின் வடிவமைப்பையும் காற்றழுத்தத்தையும் குறை கூறியது: ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு, ஃபயர்ஸ்டோன் பிறகு வேண்டும் என்றது 30. ஃபோர்டு டயரைக் குறை கூறியது. அந்நிறுவனத்தின் தலைவர் ஜாக் நாசர் செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அளித்த விளக்கம் என் ஆய்வு நோக்கில் முக்கியமானது. வண்டியின் உறுப்புகளில் டயருக்கு மட்டுமே தாங்கள் வாரண்டி தருவதில்லை. ஆகவே டயர் குறித்த புகார்த் தரவுகள் டயர் நிறுவனத்திடமே இருந்தன. தங்களுக்குத் தெரியவரவில்லை என்பது அதன் சாரம்.

உத்தரவாதம் இரண்டாகப் பிரிந்திருந்ததால் அறிவும் இரண்டாகப் பிரிந்துகிடந்தது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கா இயற்றிய ‘ட்ரெட்’ சட்டம் இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சி. நிறுவனங்கள் தங்களுக்கு வரும் புகார், இழப்பீட்டுத் தரவுகளை அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்றது. டயர் காற்றழுத்தம் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கும் வழியையும் திறந்தது. இன்று நம் வண்டிகளின் முகப்பில் ஒளிரும் மஞ்சள் விளக்குக்கு இந்த மரணங்களோடு தொடர்புண்டு.

இனி மாமாவின் வாரண்டிக்கு வருவோம். நம் சோழர்காலக் கல்வெட்டுகள் பலவும் ஓம்படைக்கிளவியோடு முடிவதை அறிவோம். அறத்தைக் காத்தவனுக்குப் புண்ணியம், அழித்தவனுக்குப் பாவம். வாரண்டிக் கையேட்டின் கடைசிப் பக்கங்களும் அப்படித்தான். எதைச் செய்தால் பயன் அற்றுப்போகும் என்ற பட்டியல். ஆனால் கையேட்டில் எழுதியிருப்பதைவிடப் பெரிய சாபங்கள் வாய்மொழியாகவே வழங்கப்படுகின்றன. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011இல் தொடுத்த முறையீட்டின்மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியாரிடம் வேலை பார்த்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்று ஒட்டுமொத்த நிபந்தனை விதிக்கக்கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் உண்டான சேதம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. ஆணை உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்பையும் பற்றியது, டயரைப் பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. ஆயினும் அதன் தருக்கம் டயருக்கும் பொருந்தும் என்பது என் வாசிப்பு: அதே அளவில், அதே தாங்குதிறனில் வேறு நிறுவன டயரைப் போட்டால் எஞ்சினுக்கான வாரண்டியை எக்காரணம் காட்டி மறுப்பது? ஆனால் அளவையே மாற்றினால், தாங்கும் உறுப்புகள் பழுதாகும்போது காரணம் காட்ட வழி கிடைத்துவிடும்.

ஆகவே பக்கச்சுவரை வாசித்தோம். 235/65 R17 104 H. அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. விளிம்பின் விட்டம் 17 அங்குலம். ஒரே வரியில் மில்லிமீட்டரும் அங்குலமும். ஒருவகையில் இருமொழிக் கல்வெட்டு. நடுவில் நிற்கும் R, மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 104 என்பது எடை அல்ல, குறியீடு: ஒரு டயர் 900 கிலோ தாங்கும். H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. புதிய டயரில் இவ்விரண்டும் குறையவே கூடாது. நிறுவனத்தின் பெயரைவிட இவை முக்கியம்.

கடைக்காரர் சொன்ன அகலத்தையும் கணக்கிட்டோம். 255/65 R17 போட்டால் சக்கரத்தின் விட்டம் 737 மில்லிமீட்டரிலிருந்து 763 ஆகும்; முள் 100 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 103.5இல் ஓடும். தேங்கிய மழைநீரில் அகன்ற டயர் எளிதில் மிதக்கவும் கூடும். மழைப்பிடிப்புக்கு அகலத்தைவிடப் பட்டனின் ஆழமும், 2022ஆம் ஆண்டு விதித் திருத்தம் கோரும் ஈரப்பிடிப்புத் தரமும் உதவும். மோட்டார் வாகன விதிப்படி கார்களுக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. மும்பை மழைக்கு அந்த எல்லைவரை காத்திருப்பது சரியல்ல.

காலக்குறிப்பும் உண்டு. நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 2000க்கு முன் மூன்று இலக்கமே இருந்ததால் எந்தப் பத்தாண்டு என்று ஐயம் எழும். ஆட்சியாண்டு மட்டும் பொறித்த கல்வெட்டை வைத்துத் திண்டாடுவோருக்கு இது புரியும். காற்றழுத்தத்துக்குப் பக்கச்சுவரைப் பார்க்கக் கூடாது, அங்கிருப்பது உச்சவரம்பு. ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதே வண்டிக்கு உரியது, அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும்.

மாமா அதே அளவில், அதே 104 H குறியோடு, ஐஎஸ்ஐ முத்திரையும் அண்மைய தேதியும் உள்ள வேறொரு நிறுவனத்தின் டயர்களை நான்கும் ஒருசேர வாங்கினார். அளவையும் நான்கு தேதி எண்களையும் பில்லில் எழுதித் தரச்சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு சர்வீஸ் சென்டருக்குச் சென்று, வேறு டயருக்கு வாரண்டி இல்லை என்ற விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எழுதித் தாருங்கள் என்று கேட்டார். எவரும் எழுதித் தரவில்லை. வாரண்டி பற்றிய பேச்சும் அதன்பின் எழவில்லை.

பில் இப்போது வாரண்டிக் கையேட்டுக்குள் இருக்கிறது. மாற்றுச் சக்கரத்துக்கு ‘ஸ்டெப்னி’ அல்லாத வேறு சொல் தமிழகத்திலோ ஈழத்திலோ வழக்கில் இருந்தால், நண்பர்கள் இடமும் குறித்து எழுதுக.