அங்கமும் அங்கத்தவரும்

ஒரு சங்கத்திற் சேர்ந்தவரை நாம் அங்கத்தவர் என்கின்றோம். உறுப்பினர் என்பாரும் உளர். அங்கம், உறுப்பு ஆகிய இரண்டும் கை, கால் முதலிய உடற்கூறுகளின் பெயர்களே. சந்தாவைக் கட்டிப் பற்றுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகும் ஒருவரைக் கையென்றும் காலென்றும் அழைப்பது சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தில் வழங்கும் மெம்பர் என்னும் சொல்லின் கதையும் இதுவே. அவயவத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லே பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற் புகுந்து மெம்பர் ஆயிற்று.

கூட்டமொன்றை உடலாகக் காணும் இக்கருத்து மிகப் பழையது. கி. மு. 494இல் ரோமாபுரியின் எளிய மக்கள் கடன் தொல்லை பொறுக்கமாட்டாமல் நகரைவிட்டு வெளியேறிக் குன்றொன்றிலே தங்கினர். அவர்களை அழைத்துவரச் சென்ற மெனேனியஸ் அகிரிப்பா ஒரு கதை சொன்னாரென லிவி என்னும் சரித்திராசிரியர் எழுதியுள்ளார். கையும் வாயும் பல்லும், உழையாமல் உண்கின்றதென வயிற்றின்மீது கோபங்கொண்டு வேலை நிறுத்தஞ் செய்தனவாம்; முடிவில் உடல் முழுவதுமே மெலிந்து சோர்ந்ததாம். பிரபுக்கள் வயிறு, மக்கள் கைகால் என்பது கதையின் பொருள். மக்கள் திரும்பி வந்தனர். ஆனால் கதையை மாத்திரம் கேட்டுக்கொண்டு வரவில்லை. தம்மைக் காக்கத் தாமே தெரிந்தெடுக்கும் அதிகாரிகளையும் பெற்றுக்கொண்டே வந்தனர். கதையைச் சொல்வோர் பலர் இப்பகுதியை விட்டுவிடுவது வழக்கம்!

உறுப்பு என்னும் உவமையிலே ஓர் இடர் உண்டு. எந்த உடலிற் சேர்வதென்று கை தீர்மானிப்பதில்லை. அதற்கு வாக்கும் இல்லை.

ஆங்கிலத்திலே பெலோ என்றொரு சொல்லும் உண்டு. அது வேறு வழி வந்தது. வடகடல் தாண்டி வந்து இங்கிலாந்திற் குடியேறிய நோர்ஸ் மக்களின் சொல் அது. அதன் முதற்பாதி ஆடுமாட்டையும் செல்வத்தையும் குறிக்கும். பிற்பாதி இடுதல், வைத்தல் எனப் பொருள்படும். ஆகவே, தன் பொருளைக் கொண்டுவந்து பொதுவில் வைத்தவனே பெலோ. பழந்தமிழிலும் மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருள் உண்டென்பதை மாணவர் நினைவிற் கொள்க. வணிகரின் கில்ட் என்பதும் செலுத்துதல் என்னும் பொருளடியாகப் பிறந்ததே. கொம்பனி என்பதோ, ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்போர் என்னும் பொருளது. கிழக்கிந்தியக் கொம்பனியார் எம்மவருடன் எந்த அப்பத்தைப் பகிர்ந்தனர் என்பதை நாம் இங்கு ஆராயப் புகவில்லை.

1660இல் இலண்டனில் தோன்றிய றோயல் சொசைற்றி தன் அங்கத்தவரைப் பெலோ என்றே அழைத்தது. வாரம் ஒரு சிலிங் கட்டவேண்டும். சேர் ஐசாக் நியூற்றனுக்கே இது பாரமாயிருந்து, 1675இல் அவருக்கு விலக்களிக்கப்பட்டது. சிலிங்கை மன்னித்த அச்சபை, பெண்களைப் பெலோக்களாகத் தெரிவுசெய்தது 1945இலேதான்.

ஒரு சிலிங்குக்கு 12 பென்ஸ். அதில் ஒரு பென்னியை வைத்தே எழுந்த சங்கமொன்றுண்டு. 1792ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தோமஸ் ஹார்டி என்னும் சப்பாத்துத் தொழிலாளி இலண்டன் நகரத்து மதுச்சாலையொன்றிலே சில நண்பர்களைக் கூட்டினார். அவர்களுள் எண்மர் ஆளுக்கொரு பென்னி வைத்தனர்; கையிருப்பு எட்டுப் பென்ஸ். அதுவே இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்தின் முதல். பாராளுமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை சொத்துள்ளோர்க்கே இருந்த காலம் அது. அதைச் சாமானியர்க்கும் கேட்ட அச்சங்கத்தார் தமக்கு வகுத்துக்கொண்ட விதிகளுள் முதன்மையானது, அங்கத்தவர் தொகைக்கு வரம்பில்லை என்பதாகும். இந்த விதியைப் படித்தபொழுது நாம் சற்றே நிறுத்தி மறுமுறையும் படித்தோம். அக்காலத்துச் சங்கங்கள் பல யாரை விலக்குவது என்பதிலேயே கருத்தாயிருந்தன. இவர்களோ வாரத்துக்கு ஒரு பென்னி தரவல்ல எவர்க்கும் கதவைத் திறந்துவைத்தனர்.

அரசாங்கம் இதைப் பொறுக்கவில்லை. 1794 மே மாதத்தில் ஹார்டி கைதானார். அவர் சிறையிலிருக்கையிலே மனைவியார் பிரசவத்தில் இறந்தார். இராசத்துரோக வழக்கிலே யூரிமார் அவரை நிரபராதி எனத் தீர்த்தது அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள். 1799இல் அச்சங்கம் பெயர் குறித்துத் தடைசெய்யப்பட்டது. இங்கிலாந்தில் ஆணும் பெண்ணும் சமமாக வாக்குப்பெற 1928 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்றே ஆண்டுகளில், 1931இல், எமது இலங்கையிலும் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அதற்கும் வரம்பு வைத்தவர்கள் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1947இல் பாராளுமன்றத்துக்கு எழுவரைத் தெரிந்தனுப்பிய அம்மக்களின் வாக்கும் அடுத்த ஆண்டே பறிபோயிற்று. கொழுந்து பறித்த கைகள் அவை. அத்தேயிலை ஈட்டிய பணத்தால் நாடு உண்டது. மெனேனியஸின் கதையிலாவது கைகள் தாமாகவே நின்றன. இங்கோ கைகளை வெட்டி நீக்கினார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென விட்டனர். நாடற்றவராகவே எஞ்சியிருந்தவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, 1948இல் வாலிபராயிருந்தவர்கள் எழுபதைக் கடந்திருந்தார்கள்.